ஃபாயில் ஒட்டிய ஜன்னல்

படுக்கையறை ஜன்னலின் கீழ் மூலையில் யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள்.

கௌரிசங்கர் அதைக் கண்டது டிசம்பரில் ஒரு புதன்கிழமை மதியம். அந்த நேரத்தில் அவன் துபாயில், ஒரு மாலின் இரண்டாவது பேஸ்மென்ட்டில், ஏசி இயந்திரங்களின் அளவுகள் ஓடும் திரைகளுக்கு முன்னால் இருக்க வேண்டியவன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அஜ்மானுக்குத் திரும்பியிருந்தான். காய்ச்சல் கிடையாது. கையையும் காலையும் யாரோ ஈர மணலில் புதைத்து வைத்ததுபோல் ஒரு கனம், அவ்வளவுதான். அதை மானேஜரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் காய்ச்சல் என்றான்.

வீட்டில் யாரும் இல்லை. மகள் தன்யா பள்ளியில். மனைவி தாமரை எங்கே என்று தெரியவில்லை. படுக்கையறை எப்போதும்போல் இருட்டாக இருந்தது. ஜூன் மாதம் அவனே ஜன்னல் முழுக்க அலுமினிய ஃபாயில் ஒட்டியிருந்தான். அந்தக் கட்டடத்தில் பாதி ஜன்னல்கள் அப்படித்தான். ஏசி திணறாமல் இருக்க வெயில் காலத்தில் ஒட்டுவது, குளிர் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைப்பது, ஏப்ரலில் மறுபடி ஒட்டத்தானே வேண்டும் என்று அப்படியே விட்டுவிடுவது. அந்த இருட்டில், கட்டிலின் கால்மாட்டில், அவன் போர்வையின் மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

குனிந்து பார்த்தான். ஒரு பக்கத்தை மட்டும் விட்டு மற்ற மூன்று பக்கமும் வெட்டியிருந்தது. சின்னக் கதவைப்போல் திறந்து மூடலாம். திறக்கும் ஓரத்தை செலோ டேப் பிடித்திருந்தது. டேப்பின் பசையில் தூசியும் நூலும் அப்பியிருந்தன. ஒரே ஒருமுறை ஒட்டிய டேப் அப்படி இருக்காது.

மண்டியிட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, அதன் வழியே வெளியே பார்த்தான். மூன்று மாடிக்குக் கீழே மணல் பார்க்கிங். அதற்கு அப்பால் பேச்சலர்கள் நிறைந்த எதிர்க் கட்டடம். அங்கே ஒரு பால்கனியில் நீலத் துண்டு ஒன்று தொங்கியது.

அந்தத் துண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாமரை வந்தபோது படுத்திருந்தான்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"முடியல."

"டாக்டர்ட்ட போலாமா?"

"வேண்டாம். நீ எங்க போயிருந்த?"

"கொத்தமல்லி வாங்க. கீழதான்."

பையில் கொத்தமல்லி இருந்தது. கொத்தமல்லி வாங்க லிப்ஸ்டிக் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஜன்னலைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்த பதிலை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கான தெம்பு அவனிடம் இல்லை. சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது, படுத்துக்கொண்டே செய்யலாம்.

நவம்பர் பாதியிலேயே அவனுக்கு இப்படி ஆரம்பித்துவிடும். ஊரே கொண்டாடுகிற காலம் அது. "கிளைமேட் சூப்பரா இருக்குல்ல" என்று லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள் சொல்வார்கள். பார்க்குகளில் கரியடுப்புப் புகை, மடக்கு நாற்காலிகள், பூப்பந்து மட்டைகள். எட்டு மாதம் ஏசிக்குள் அடைபட்டுக் கிடந்த ஜனங்கள் எல்லோரும் வெளியே வருகிற நாள்களில் அவன் உள்ளே போய்க்கொண்டிருந்தான். சார்ஜா டிராஃபிக்கில் சிக்காமல் இருக்க விடியுமுன் கிளம்புவான். மால் பேஸ்மென்ட்டில் கார் சீட்டைச் சாய்த்து மீதித் தூக்கம். பிறகு திரைகள். வேலை முடிந்து மேலே வரும்போது வெளியே விளக்குகள் எரியும். கோடையில் போகும்போதும் வரும்போதும் வெயில் கண்ணைக் குத்தும், எரிச்சலாக இருக்கும். இப்போது வாரக்கணக்கில் சூரியன் அவன் கண்ணில் படவில்லை, அதை அவன் கவனிக்கவும் இல்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மதியம் தாண்டித் தூங்கினான். சோறு இறங்காது, பிஸ்கட் பாக்கெட்டை முழுசாகத் தின்பான். தன்யா ஏதாவது கேட்டால், அவள் எழுந்து தன் அறைக்குப் போன பிறகுதான் பதில் நாக்குக்கு வரும்.

"உங்களுக்கு வருஷா வருஷம் இதே மாசத்துலதான் இப்படி ஆகுது, கவனிச்சீங்களா?" என்று போன வருஷம் தாமரை கேட்டாள். இவள் எதற்கு இதையெல்லாம் கணக்கு வைக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன் டேப்பின் ஓரத்தில் தன் தலைமுடி ஒன்றை வைத்து அழுத்திவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது முடி இல்லை. அதற்கு அடுத்த நாளும் வைத்தான், அன்றும் இல்லை.

அதன் பிறகு எல்லாமே சாட்சி சொல்லத் தொடங்கின. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சமையலறையில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவள், அவன் தண்ணீர் குடிக்கப் போனதும் "சரி, அப்பறம் பேசறேன்" என்றாள். பதினோரு வருஷம் கூட இருந்தவள். நல்ல பெண், திருச்சியில் இரண்டு வீட்டுக்கும் பிரியமானவள். இவ்வளவு நல்லவளாக இருப்பதே ஒரு ஏற்பாடோ என்று தோன்றியது.

ஒரு மதியம் ஆபீசுக்குப் பக்கத்தில், விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டருக்குப் போய், குடும்ப விசா ரத்து செய்ய என்னென்ன வேண்டும் என்று விசாரித்தான். அங்கே இருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான். ஸ்பான்சர் நீங்கள்தானே, உங்கள் ஐடி, அவர்கள் பாஸ்போர்ட், சின்ன வேலைதான். அது அவ்வளவு சின்ன வேலையாக இருப்பது கௌரிசங்கருக்கு உறுத்தியது. ஆனாலும் முடிவு செய்துகொண்டான். அந்த நீலத் துண்டுக்காரனின் முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் தாமரையையும் தன்யாவையும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும்.

முகத்தைப் பார்க்கப் பகல் வேண்டும். கோடையில் இயந்திரம் ஏதாவது நின்றுபோய் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்த நாள்களுக்கு ஈடாக அவனுக்கு லீவு சேர்ந்திருந்தது. ஷிப்டில் கூட இருக்கும் அஸீமிடம் மெல்லக் கேட்டான். காயல்பட்டினத்துக்காரன், வாய் ஓயாதவன்.

"அஸீம், மதியத்துக்கு மேல நான் கொஞ்சம் கிளம்பிக்கவா? ஒருநாள் மட்டும்."

"ஒருநா என்னண்ணே, தெனமும் போங்க. மெஷின் எல்லாம் குளிர்ல தூங்குது. நான் தாலாட்டிக்கிறேன்."

"தினமுமா?"

"லீவு கெடக்குல்ல. வச்சு ஊறுகாயா போடப் போறிய?"

இவன் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறான் என்று யோசித்துக்கொண்டே அஜ்மான்வரை கார் ஓட்டினான்.

மணல் பார்க்கிங்கில், யாரோ விட்டுப்போன தூசி படிந்த பிக்கப் ஒன்றின் நிழலில் முதலில் நிறுத்தினான். அங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் பால்கனி தெரிந்தது, சொந்த ஜன்னல் தெரியவில்லை. இரண்டும் தெரிய வேண்டுமானால் நடுவில், மறைப்பே இல்லாத வெட்டவெளியில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தினான். வெயில் கண்ணாடியில் பட்டு எதுவும் தெரியாமல் அடித்தது. கதவைத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்துக்கொண்டான்.

மூன்றாம் மாடியில் அவன் ஜன்னல் தகரம்போல் மின்னியது. இரண்டு மணிவாக்கில் அதன் கீழ் மூலையில் கறுப்பாக ஒரு சதுரம் திறந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. எதிர்ப்புறம் திரும்பினான். நீலத் துண்டும் அசைந்தது. காத்திருந்தான். பால்கனிக்கு யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து வேலை நாள்களிலெல்லாம் வந்தான். சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பான். பிறகு ஊரைச் சுற்றிவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைவான். பார்க்கிங்கின் ஓரத்தில் ஒரு கஃபட்டீரியா இருந்தது. ஹார்ன் அடித்தால் டீ காருக்கே வரும். கொண்டுவருபவர் கடைக்காரர் ஹம்ஸக்கா, ஐம்பது வயது மலையாளி, எதையும் கேட்காதவர். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ டீயோடு முட்டை ரோல் ஒன்றும் வந்தது.

"நான் சொல்லலையே இக்கா."

"கழிச்சோ சாரே, சாப்பிடுங்க. அது கணக்கில் உண்டு."

யார் கணக்கில் என்று கேட்பதற்குள் அவர் நடந்துவிட்டார். வேறு காருக்குப் போக வேண்டியது மாறி வந்திருக்கும். அல்லது இந்த ஆளுக்கும் எல்லாம் தெரியுமோ? தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாரோ? ரோலைச் சந்தேகத்தோடு பிரித்தான், பிரித்ததும் முழுவதையும் தின்றான். பசித்திருந்தது. பசித்தது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. மறுநாளும் ரோல் வந்தது.

இரண்டாவது வாரம், சாப்பாட்டு மேசையில் தன்யா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உங்க நோஸ் ஃபுல்லா பீல் ஆகுது. பேஸ்மென்ட்ல சன் இருக்கா?"

"ஏசி காத்துல தோல் காஞ்சிருக்கும்மா."

"நோ, இட்ஸ் சன்பர்ன். எங்க பி.டி. மிஸ்ஸுக்கும் இப்படித்தான்."

தாமரை சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் எதுவும் இல்லை. முகத்தை மறைக்கிறாள் என்று கௌரிசங்கர் மனதில் குறித்துக்கொண்டான். குறித்துக்கொண்டபடியே மூன்றாவது தோசையைக் கேட்டு வாங்கினான்.

அவன் காத்திருந்தது ஒரு திங்கட்கிழமை நடந்தது. ஜன்னலில் கறுப்புச் சதுரம் திறந்த அதே நேரத்தில் எதிர்ப் பால்கனிக் கதவும் திறந்தது. பனியன் போட்ட ஒருவன் வந்து கைப்பிடியில் சாய்ந்து நின்றான். முகம் நிழலில் இருந்தது. கௌரிசங்கர் காரிலிருந்து இறங்கினான். மணலில் கால் புதையப் புதைய எதிர்க் கட்டட வாசலை நோக்கி நடந்தான். மேலே போய்க் கதவைத் தட்டினால் என்ன கேட்பது என்று அவன் யோசித்திருக்கவில்லை. கை மட்டும் தானாக மூடிக்கொண்டிருந்தது.

"சாரே, எங்கோட்டா? இது தணுத்துப் போகும்."

ஹம்ஸக்கா டீயும் காகிதத்தில் சுற்றிய ரோலுமாக எதிரில் நின்றார்.

"இக்கா, வழிய விடுங்க."

"கழிச்சிட்டுப் போங்க."

"யாரு இதை அனுப்பறது? தினமும் யாரு அனுப்பறது?"

அவர் சற்றுத் தயங்கினார். "த்ரீ நாட் ஃபோர்."

"எந்த பில்டிங்?"

கையில் சாமான் இருந்ததால் முகவாயால் காட்டினார். கௌரிசங்கர் திரும்பிப் பார்த்தான். அவன் கட்டடம். முந்நூற்று நான்கு, அவன் வீட்டு எண்.

"டெய்லி மேடம் போன் பண்ணும். வண்டி வந்தோன்னு கேக்கும். வந்துன்னு சொன்னா, ஒரு ரோல் கொடுங்கன்னு சொல்லும். சாயாவில சீனி குறைக்கச் சொல்லியதும் அவங்கதான்." டீயை அவன் கையில் வைத்தார். "நான் சொன்னதா சொல்லண்டா."

எதிர்ப் பால்கனியில் பனியன்காரன் பல் தேய்த்துத் துப்பிவிட்டு உள்ளே போனான். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்தவனாக இருக்கும். துண்டை அவன் தொடக்கூட இல்லை.

காரை அப்படியே விட்டுவிட்டு கௌரிசங்கர் மேலே போனான். தாமரை படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டையின் வழியே வந்த வெயில் அவள் மடியில் இருந்த அவனுடைய சட்டையின் மேல் கிடந்தது. அவனைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

"ரோல் சாப்பிட்டீங்களா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். காலரை நீவிவிட்டாள், பொத்தான்களைப் போட்டாள். அந்தச் சட்டை முடிந்ததும் அவன் கேட்டான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. வேலை போயிடுச்சோ, வீட்ல சொல்ல முடியாம கீழ உட்கார்ந்திருக்கீங்களோன்னு பதறிப் போயிட்டேன். அடுத்த நாள் பார்த்தா இந்த ஜன்னலையே வச்ச கண் வாங்காம பாத்துட்டிருக்கீங்க. அப்பப் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா?"

அவன் தலை குனிந்துகொண்டான்.

"கீழ வந்து கேட்டிருக்கலாம்ல."

"வந்தேனே. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கிட்டு லிஃப்ட் வரைக்கும் வந்தேன். கார்க் கண்ணாடியில ஓங்கி ஒண்ணு தட்டணும்னு இருந்துச்சு. கதவு பூட்டினேனான்னு பாக்கத் திரும்பி வந்தப்ப இதுவழியா பாத்தேன். நீங்க ஷூவைக் கழட்டிட்டு வெயில்ல காலை நீட்டிக்கிட்டு இருந்தீங்க." அடுத்த துணியை எடுத்தாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீங்களா தட்டு எடுத்து வச்சீங்க. தன்யாவுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க. நவம்பர்லேருந்து அப்படி ஒருநாள் இல்ல. அதான் மறுநாளும் திறந்து வச்சேன். மூடியே கெடந்தா நீங்க வராமப் போயிட்டா?"

"அப்ப முதல்ல எதுக்கு வெட்டின?"

"எங்க வெட்டியிருக்கேன்னு பாருங்க."

பார்த்தான்.

"வெளிய பாக்கறதுக்குன்னா நான் நிக்கிற உயரத்துல வெட்டியிருக்க மாட்டேனா? நீங்களே மண்டி போட்டுத்தானே பாத்திருப்பீங்க. லீவு நாள்ல பொழுது சாயற வரைக்கும் கட்டை மாதிரி கிடக்கிறீங்க. ஃபாயிலைக் கிழிச்சா கத்துவீங்க. கால்லயாவது கொஞ்சம் வெளிச்சம் படட்டும்னு வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் காலை உள்ள இழுத்துக்கிட்டீங்க. நீங்க இல்லாதப்ப இந்த வெளிச்சத்துலதான் துணி மடிப்பேன்."

கௌரிசங்கர் நீலத் துண்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். பிறகு கேட்டான்.

"எதிர்ல... நீலத் துண்டு..."

"எந்த நீலத் துண்டு?"

அவள் உண்மையாகவே எட்டிப் பார்த்தாள். "அதா? அது ஓணத்துலேருந்து அங்கேதான் தொங்குது. யாருதோ." திரும்பி அவனைப் பார்த்தாள். "அந்தத் துண்டுதானா ஆளு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"பிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"விடு."

"சொல்லுங்க."

"ஊருக்கு அனுப்பியிருப்பேன். ரெண்டு பேரையும். விசா கேன்சலுக்கு என்ன வேணும்னு விசாரிச்சு வச்சிருக்கேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. கீழே எங்கோ ஒரு கார் ஹார்ன் அடித்தது, டீக்காக இருக்கும். இன்னொரு முறை அடித்தது. தாமரை மடியில் இருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சரி. இப்ப நான் சொல்றேன். வியாழக்கிழமை ஒரு டாக்டர்ட்ட நேரம் வாங்கியிருக்கேன். மனசுக்குப் பாக்கற டாக்டர். நீங்க வரணும். வரலைன்னா கேன்சல் பண்ணச் சொல்லி நானே பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்துடறேன்."

"இப்ப எனக்குப் பரவாயில்லையே. நீயே சொன்னியே."

"வெயில்ல உட்கார வச்சது பாதி. மீதி என்னன்னு எனக்குத் தெரியல. அடுத்த வருஷமும் நவம்பர் வரும். அப்ப நீங்க சந்தேகப்பட நான் என்னத்தைக் காட்டறது?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வாரம் எதுவும் முகத்தில் காட்டாமல் தோசை ஊற்றியவள். இவ்வளவு நேர்த்தியாக ஒன்றை மறைக்கத் தெரிந்தவளுக்கு வேறு எதையெல்லாம் மறைக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு, இந்த நேரத்திலும், பூனைபோல் வந்து அருகில் உட்கார்ந்தது. அஸீம் அவ்வளவு சுலபமாகப் போகச் சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. வழக்கம்போல் அதை உள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

"அஸீம்ட்ட நீ பேசினியா?"

"பேசினேன். நீங்க காய்ச்சல்னு வந்தீங்களே, அன்னிக்கு. மதியத்துக்கு மேல அவரை வேலை வாங்காதீங்க தம்பின்னு சொன்னேன். நீங்க இங்க வந்து உட்காருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேற யார்ட்ட?"

"ஹம்ஸக்காட்ட. நேரம் வாங்க அந்த டாக்டர் ஆஸ்பத்திரியில. அவ்வளவுதான். இன்னும் இருந்தா இப்பவே கேட்டுடுங்க."

யோசித்தான். இருந்தன, ஆனால் எதுவும் கேள்வியாகத் திரளவில்லை.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"வர்றேன்."

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள், "காரைப் பூட்டினீங்களா?"

"இல்ல."

"போய்ப் பாருங்க. கதவு கூடத் திறந்தே கிடக்குது."

"நீயும் வாயேன். கொஞ்ச நேரம் உட்காரலாம்."

"இன்னிக்கு என்னால முடியாது. அந்தக் காரைப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருது."

தலையசைத்துவிட்டுக் கீழே வந்தான். டேஷ்போர்டில் ரோல் இருந்தது, ஹம்ஸக்கா வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை மணலில் வைத்தான். பழக்கத்தில் கண் மேலே போனது. மூன்றாம் மாடியில் அந்தக் கறுப்புச் சதுரம் ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கியது. உள்ளேயிருந்து ஒரு விரல் டேப்பை நீவுவதுபோல் ஃபாயில் லேசாக நெளிந்தது. பிறகு ஜன்னல் முழுவதும் ஒரே தகடாக மின்னியது.

இனி அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஷூவைக் கழற்றினான். வெயில் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்க இன்னும் நேரம் இருந்தது.